டேப் வக்கீல்

அந்த மனிதரை வக்கீலாக அமர்த்தப் போன அன்று அவர் என்னிடம் பீஸ் பற்றிப் பேசவில்லை. என்னைச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "உங்க வீட்டுக்காரரு எத்தினி அடி ஒசரம்மா?" எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் கூடக் குடும்பம் நடத்தியவள் புருஷனின் உயரம் தெரியாமல் முழிக்கிறாளே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. "நான் நிமிந்து நின்னா என் நெத்தி அவரு தோள்ல இடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். அதை நான் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கண்ணில் இது எதுவும் படவில்லை. கறுப்புக் கோட்டின் பையிலிருந்து இரும்பு டேப்பை உருவி, தரையில் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, என் நெற்றிவரை இழுத்தார்.

"நாலடி எட்டு. தோளு இவ்ளோ ஒசரத்துல இருந்தா ஆளு அஞ்சடி எட்டு இருப்பாரு" என்று காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிரேதப் பரிசோதனை அறிக்கை பிறகு கைக்கு வந்தபோது அதிலும் ஐந்தடி எட்டு என்றுதான் இருந்தது. "பாத்தீங்களா, சரியா வந்துடுச்சி" என்று என்னிடம் சந்தோஷமாகக் காட்டினார். போய்ச் சேர்ந்தவர் என் புருஷன், இந்த ஆளுக்குக் கணக்குச் சரியாக வந்த சந்தோஷம். அன்றைக்கு எனக்கு அவரை ஓங்கி ஒன்று அறைய வேண்டும் போலிருந்தது. அவரிடம் போன முதல் மாதத்தில் பெரும்பாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் அவருடைய ஆபீஸ். கோலார் தங்கவயல் கோர்ட்டில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. டேப் வக்கீல் என்றால் கேன்டீன்காரர்கூடக் கை நீட்டிக் காட்டுவார். விபத்து கேஸ் மட்டும்தான் எடுப்பார். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலை. பூமிக்கு அடியில் ஒரே பாதையை இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வருவார்களாம். நடுவில் இரண்டு கூட்டமும் சந்திக்க வேண்டும். அளவு பிசகினால் பக்கத்துப் பக்கத்திலேயே தாண்டிப் போய்விடுவார்கள், ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்கும், ஆள் கிடைக்கமாட்டான் என்று சொல்வார். சுரங்கம் மூடியபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் போய்ச் சட்டம் படித்தார். சங்கிலியை விட்டாரே தவிர, அளக்கும் புத்தியை விடவில்லை.

யார் வந்து எந்த விபத்தைப் பற்றிச் சொன்னாலும் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்துவார். "வாய் சொல்றத அப்பறம் கேட்டுக்கலாம். எடம் இன்னா சொல்லுதுன்னு மொதல்ல பாத்துட்டு வரேன்." அவ்வளவுதான். மறுநாள் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போய்விடுவார். நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து டேப்பை இழுப்பார். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் இவரே இன்னொரு வக்கீலுக்குக் கேஸ் ஆகிவிடுவார் என்று கோர்ட்டில் கேலி செய்வார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

வீட்டிலும் அப்படித்தானாம். சொந்த மகள் கல்யாணத்தில் பந்தி நடக்கும் கூடத்தை அளந்துவிட்டு, "ஒரு பந்திக்கு நூத்திருவது பேருக்கு மேல ஒக்கார முடியாது, அதுக்கு மேல வரவங்க நிக்கணும்" என்று சம்பந்திகள் முன்னால் சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தியம்மாள் முகம் கொடுத்துப் பேசவே ஒரு வருடம் ஆயிற்று என்று அவருடைய மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பொய் சொல்லத் தெரியாதும்மா. அத்த கத்துக்கறதுக்கு ஒரு காலேஜ் இருந்தா சேத்து விட்டுருப்பேன்."

அவருக்குப் பொய் வராது என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. பாலகாட் பக்கத்திலிருந்து ஒருவர் முழங்கால் உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, ஆட்டோ இடித்துவிட்டது என்று வந்திருக்கிறார். இவர் வழக்கம்போல் போய் அந்தத் திருப்பத்தை அளந்துவிட்டு வந்து கேஸ் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உங்க காலு ஒடஞ்சது நெசம். ஆட்டோ ஒடச்சது நெசமில்ல. அந்த மொனையில ஆட்டோ அவ்ளோ ஓரமா வரவே முடியாது." அந்த ஆள் திட்டிக்கொண்டே இன்னொரு வக்கீலிடம் போய், கேஸ் ஜெயித்து, புது ஸ்கூட்டர் வாங்கி, வேண்டுமென்றே இவர் ஆபீஸ் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தானாம். இவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஸ்டேண்டு சரியா போடு, சாய்ஞ்சிகினு கீது" என்றாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அப்போது இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். இந்த மனிதர் என் புருஷன் விழுந்த இடத்தையும் அளப்பார். அந்த இடம் என்ன சொல்லுமோ?

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். பேத்தமங்களா பக்கம் தோட்டங்களில் மோட்டார் ரிப்பேர் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தவரை ஒரு பஸ் அடித்துவிட்டது. ஏதோ ஒரு பேக்டரிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரிகத்தில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய அந்தக் காலத்து லைன் வீட்டில் நான், அவர், அவருடைய அப்பாவான என் மாமா என்று மூன்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவப்பெட்டி வந்தபோது இரண்டு பேராகியிருந்தோம்.

அந்தப் பெட்டியோடுதான் அந்தக் காகிதமும் வந்தது. பஸ் முதலாளியின் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். பேண்ட் சட்டையை இன் செய்து, கையில் மாலையோடு வந்தார். நல்ல தேக்குப் பெட்டி, ஐஸ், குழி வெட்டும் ஆட்கள் எல்லாமே அவர் ஏற்பாடு. மாமாவைக் குழாயடிக்கு ஓரமாக அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, "உங்க மருமகளுக்கு வேல போட்டுத் தரோம், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் மாமாவை ஏமாளி என்பார்கள். எங்கள் லைனில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாமாவின் அப்பா சுரங்கத்துக்குள் பாறை விழுந்து செத்தவர். அன்றைக்கும் கம்பெனியிலிருந்து ஆபீசர் வந்தார், பெட்டி வந்தது, காகிதம் வந்தது. மாமாவின் அம்மா கைநாட்டு வைத்தார். அடுத்த மாதமே மாமாவுக்கு அண்டர்கிரவுண்டில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைகள் கல்யாணமும் என் புருஷன் படிப்பும். எங்கள் லைன்களில் சாவு என்றால் முறையே அதுதான். பெட்டி வரும், பேண்ட் போட்டவர் காகிதம் நீட்டுவார், கையெழுத்துப் போட்டால் குடும்பம் பிழைக்கும். கையெழுத்துப் போடாமல் நிற்பதுதான் மரியாதை கெட்ட வேலை.

காகிதம் கன்னடத்தில் இருந்தது. காரியம் முடிந்து பக்கத்து லைன் அங்கன்வாடி டீச்சர் அதன் நகலைப் படித்துச் சொன்னார். மகன் போனில் பேசிக்கொண்டே ரோட்டைக் குறுக்கே ஓடிக் கடந்தான், தன்னுடைய அஜாக்கிரதையால்தான் அடிபட்டான், டிரைவர் மேல் தப்பில்லை, யார் மேலும் புகார் இல்லை. கீழே மாமாவின் கையெழுத்து. அதை வைத்துப் போலீசும் செத்தவர் மேல்தான் தப்பு என்று எழுதி முடித்துவிட்டது. வேலையும் வரவில்லை, மேனேஜரும் வரவில்லை.

நான் அன்றிலிருந்து மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், வாய் திறக்கமாட்டேன். பெத்த பிள்ளை செத்ததற்கு அவன்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தாரே என்று அப்படி ஒரு ஆத்திரம். அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாதித் தட்டுச் சோறு அப்படியே இருக்கும். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே ஆளுக்காக அழுதோம், தனித்தனியாக.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேர் என் கையில் வக்கீல் கார்டு திணித்தார்கள். மூவருமே பஸ்ஸை விடக்கூடாது என்றார்கள். அவ்வளவு அவசரமாகப் பேசியவர்களிடம் போகப் பிடிக்கவில்லை. அங்கன்வாடி டீச்சர்தான், "அவரு கொஞ்சம் கிறுக்குதான். ஆனா உன் புருஷன் மேல தப்பு இல்லன்னு அவரு சொன்னா, அது இல்லதான்" என்று பாத்திரக் கடை மாடியைக் காட்டினார். எனக்கு வேண்டியதும் அந்தச் சொல்தான். நஷ்டஈடு வரும், வராமலும் போகும். அந்தக் காகிதத்தில் இருக்கிற வரியை அடிக்க வேண்டும்.

என்னை அளந்த மறுநாள் அவர் பேத்தமங்களா ரோட்டுக்குக் கிளம்பினார். "நீங்க வர வேணாம்மா" என்றார். நான் போனேன். பார்க்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு புங்க மரம், எதிரே ஒரு பெட்டிக்கடை, ரோட்டோரம் மண், புல். அவ்வளவுதான் அந்த இடம். விபத்து நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, புல்லில் மண்டிபோட்டுக் கையால் தடவித் தடவித் தேடினார். மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது. எழுந்தபோது கைக்குட்டையில் ஏழெட்டுக் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்த துண்டுகள்.

தாரின் விளிம்பிலிருந்து அது கிடந்த இடம்வரை அளந்தார். அளந்ததை எல்லாம் எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் பக்கத்தில் எழுதிக்கொள்ளும் கிளார்க் என்பது போல. "தாருல இருந்து நாலடி உள்ள. பஸ்ஸே ரோட்ட விட்டு எறங்கியிருக்குது. மரம் இங்க." பிறகு எதிரே பெட்டிக்கடை அம்மாளிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து, புல்லிலிருந்து வேலிப் பக்கம் எதையோ அளந்தார். அதை மட்டும் சொல்லவில்லை. "அது இன்னா சார்?" என்றேன். "ஒண்ணுமில்லமா" என்று டேப்பைச் சுருட்டினார்.

அதோடு விடவில்லை. அந்த பேக்டரி பஸ் வந்து நிற்கும் ஸ்டாப்பில் போய் நின்று, பஸ் வந்ததும் அதன் இடதுபக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியை அளந்திருக்கிறார். டிரைவர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்துவிட்டான். "சட்டைய அப்பறம் புடிப்பா, டேப்ப மிதிக்காத" என்றாராம். கம்பியின் கீழ்முனை தரையிலிருந்து நாலரை அடி. என் புருஷனுக்கு அடிபட்டது முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. ஐந்தடி எட்டு உயரமுள்ள ஆளுக்கு அது சரியாக அந்த இடம்தான். என்னை எதற்காக அளந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

"குறுக்க ஓடியிருந்தா விலாவுல பட்டிருக்கும்மா" என்றார். "அவரு மண்ணுல, மரத்துக்குப் பக்கத்துல, ஓரமா நடந்து போய்கினு இருந்தாரு. பஸ் பின்னாலேந்து எறங்கி வந்து அடிச்சிருக்குது. அவரு செய்ய வேண்டியத எல்லாம் சரியா செஞ்சிருக்காரு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அவர் ஆபீஸ் மரப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

ஆனால் மாமாவின் கையெழுத்து இருந்ததே. மிரட்டி வாங்கினார்கள் என்று சொல்லிவிடலாம் என்றார்கள் லைனில். குடித்திருந்தார் என்று சொல்லலாம் என்றார் ஒருவர். வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டதும் ஓர் இடத்தில்தானே, அதையும் பார்க்க வேண்டுமாம். மாமா வெளியே வந்து குழாயடியில் எங்கே நின்றார் என்று காட்டினார். பெட்டி எங்கே இருந்தது என்று வக்கீல் கேட்டார். வாசலுக்கு உள்ளே என்றார் மாமா. இரண்டுக்கும் நடுவே டேப் நீண்டது.

"மெரட்டினாங்களா பெரியவரே?"

"இல்ல சார். டீ வாங்கிக் குடுத்தாரு."

"அப்ப கோர்ட்டுல டீ வாங்கிக் குடுத்தாருன்னே சொல்லுங்க. படிச்சிப் பாத்தீங்களா?"

வக்கீல் காத்திருந்தார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். மாமா கடைசியில் வாசலைப் பார்த்துக்கொண்டே, "அத்த நான் ஜட்ஜையாகிட்ட சொல்றேன்" என்றார்.

அந்த நாள் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர். கன்னடத்தில்தான் கேட்டார். பேத்தமங்களா சந்தையில் கன்னடத்திலேயே பேரம் பேசுபவர் மாமா. அவரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, நிதானமாகப் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றார் அவர். ஆமாம் என்றார் மாமா. அப்படி என்ன பார்த்தீர்கள் என்று அந்த இளைஞர் கேட்டார்.

மாமாவுக்கு அங்கே கன்னடம் நின்றுவிட்டது. தமிழில் சொன்னார். "எழுத்த பாத்தேன் சாமி. வட்ட வட்டமா இருந்துது. எனக்கு தமிழ் எழுத்து தெரியும், கொஞ்சம் இங்கிலீசு தெரியும். கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது. இத்தினி வருசமா யாருகிட்டயும் சொன்னதில்ல. கண்ணாடி எடுத்துட்டு வரலன்னு சொல்லி சமாளிச்சிகினு வந்தேன். அன்னிக்குக் கண்ணாடி கையில இருந்துது. மேனேஜரு பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா பூடுச்சி. உள்ள எம்புள்ள பொணமா கெடந்தான். எனக்கு வெக்கம் பெருசா இருந்துது சாமி."

எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்துப் போட்ட எடத்துக்கும் பெட்டிக்கும் எவ்ளோ தூரம்?"

"எட்டடி" என்றார் மாமா.

"அவ்வளவுதான் யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து மாமா வராந்தா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டீ குடிக்கிறீங்களா மாமா?" என்றேன். அத்தனை மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் இந்த மனிதரை ஒரு வருடம் கொன்றிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாய்தாவுக்கு அந்த ரோட்டோரப் பெட்டிக்கடை அம்மாள் சாட்சி சொல்ல வந்தார். தெலுங்குக்காரம்மாள், யாரையும் தல்லி, அம்மா என்றுதான் கூப்பிடுவார். வக்கீல் என்னிடம் வந்து, "நீங்க கேன்டீனுக்குப் போய் ஏதாவது சாப்ட்டு வாங்கம்மா" என்றார். எந்த வாய்தாவிலும் அவர் என்னை வெளியே அனுப்பியதில்லை. எனக்குப் பசி இல்லை என்றேன். "போங்கம்மா, சொல்றேன்ல" என்றார், குரலை உயர்த்தி. போனேன். போய் டீ வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி, நேராகக் கேன்டீனுக்குத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இருவது நிமிசம் இருந்தாரு தல்லி. நல்லா பேசினாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ஒரு செருப்ப காணோம், புதுசு அக்கா, போன வாரம்தான் வாங்கினேன்னு சொன்னாரு. கெடக்குது விடுய்யா, ஆம்புலன்சு வருது, அசையாம படுத்துக்கோன்னேன். கேக்கல. வேலிகிட்ட கெடந்துது அது. கைய ஊனி ஊனி அதுவரைக்கும் நகந்து போனாரு. கையில எடுத்து வெச்சிகினாரு. அப்பறம்தான் கண்ணு சொருகிச்சி. நான் போவக்கூடாதுன்னு சொன்னேன் தல்லி, கேக்கவே இல்ல."

அவர் கையைத் தடவிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். புல்லிலிருந்து வேலிவரை வக்கீல் என்ன அளந்தார் என்பது தெரிந்துவிட்டது. எத்தனை அடி என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கோர்ட்டுக் காகிதங்களில் இருக்கும். நான் பார்க்கப் போவதில்லை. வக்கீல் வராந்தாவில் என்னைத் தேடிக்கொண்டு வந்து, "சாப்ட்டீங்களா?" என்றார். "சாப்ட்டேன் சார்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தீர்ப்பு வந்த அன்று மாமாவுக்குக் காய்ச்சல். எழுந்து வர முடியவில்லை. வக்கீல் நகலை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்கே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எவ்வளவு பணம் என்பதைக்கூடச் சொல்லாமல், நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியைக் கன்னடத்தில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "எறந்து போனவரு மேல எந்தத் தப்பும் இல்லன்னு போட்டிருக்குது பெரியவரே."

"எந்த வரி சார் அது?" என்றார் மாமா.

வக்கீல் அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தார். மாமா அந்த வட்ட வட்ட எழுத்துகளின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார், முடிவுவரை. முடிந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து. வக்கீலும் அவசரப்படுத்தவில்லை.

அவரை வழியனுப்ப லைன் முனைவரை நடந்தேன். அங்கே நின்று, ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டேன். அந்த அம்மாள் தப்பாகச் சொல்லியிருக்கட்டும் என்று ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். இந்த மனிதர் வாயிலிருந்து வந்தால் அது சரியாக இருக்கும், எவ்வளவு வலித்தாலும் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"சார், அவரு உடனே பூட்டாரா? இல்ல கொஞ்ச நேரம் இருந்தாரா?"

எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லாத மனிதர் சட்டென்று சொன்னார். "உடனேம்மா. அடிபட்டதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது." அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கமில்லாதவர், நிறுத்தத் தெரியவில்லை. "ஒரு நிமிசம்கூட இல்ல. அர நிமிசம்கூட இல்ல. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். வலியே இருந்திருக்காது." சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ரயில் பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். இவரிடம் முடியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாகப் பொய் சொல்கிறார், எனக்காகச் சொல்கிறார்.

"சரிங்க சார், அது போதும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை அவர் வீட்டுக்குப் போய் வருவேன். நான் நம்பிவிட்டேன் என்றே அவர் கடைசிவரை நினைத்திருந்தார். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

தீர்ப்பு வந்த அன்று அவரை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்தபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு நகல் மடியில் இருந்தது.

"வெளிய வக்கீலு இன்னாம்மா சொன்னாரு?"

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். "அவரு உடனே பூட்டாராம் மாமா. வலியே இல்லயாம்."

கஞ்சி கொதிக்க ஆரம்பித்தது. பிறகு மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவரு அளந்து பாத்துதான சொல்லியிருப்பாரு?"

"ஆமா மாமா" என்றேன். "அளந்து பாத்துதான் சொன்னாரு."